அடுப்படிக்கு ஒரு ஜோடி செருப்பு

ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். காலண்டர் தாளைக் கிழித்தேன். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆறு பத்துக்கு, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, அக்காவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பத்துக்கு எத்தனை?"

"ஏழு."

நோட்டில் எழுதினேன். முழங்கால் வலி – ஏழு. அது இருபத்தோராவது நாள். முதல் நாளும் ஏழுதான்.

லெட்சுமி அக்காவும் நானும் ஜொகூர் மாநிலம் குலாயில் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எனக்குப் பள்ளி அலுவலகத்தில் கிராணி வேலை, அதாவது எழுத்தர். அக்காவுக்கு அடுப்படி. திங்கள் முதல் வெள்ளி வரை, பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பதினாறு பேருக்கு மதியச் சாப்பாடு கட்டுகிறாள். யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யாருக்கு ரசம் தனியாக வேண்டும், யார் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பதால் இரவுக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வைக்க வேண்டும்... எல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது. என் நோட்டெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்த அக்காதான் வியாழக்கிழமை பெரிய சட்டியைக் கழுவிவிட்டுச் சொன்னாள்: "இந்த மாசக் கடைசியோட நிறுத்திடுறேன்டி. கால் முடியல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் காய்ந்துபோன அந்தச் சட்டியைப் பத்து நிமிடம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை – இன்சோல் மேல்.

இன்சோல் என்றால் ஷூவுக்குள் வைக்கும் தட்டு. கடையில் தொங்குவது இல்லை. அக்காவின் பாதத்துக்கென்றே செய்தது. மூன்று வாரத்துக்கு முன் ஜொகூர் பாருவில் லிம் என்று ஒருவர் செய்து கொடுத்தார். அக்காவை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். தட்டைப் பாதம், நடக்கும்போது உள்பக்கம் சாய்கிறது, முழங்கால் முறுக்கிக்கொள்கிறது என்றார். நுரை நிரப்பிய பெட்டியில் இரண்டு பாதங்களையும் அழுத்தி அச்செடுத்தார். "இது மூட்டைச் சரி பண்ணாது ஆன்ட்டி, பாரத்தைக் குறைக்கும்" என்று நேர்மையாகவே சொன்னார். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், அப்படியே கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

பாரம் குறைந்ததா? ஏழு, ஏழு, ஆறு, ஏழு.

ஆகவே சனிக்கிழமை அக்காவையும் நோட்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சண்டை போடத்தான்! வழியெல்லாம் மலாயில் ஒத்திகை பார்த்துக்கொண்டே கார் ஓட்டினேன். லிம்மின் கடை முதல் மாடியில். முழங்கால் வலிக்காரர்களுக்கான கடையை மாடியில் வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

லிம் என் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். வலி, மழையா வெயிலா, தைலம் தேய்த்த நேரம், தூங்கிய நேரம். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க, சிஸ்டர்" என்றார். பிறகு அக்காவின் ஷூவிலிருந்து இன்சோலை வெளியே எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆன்ட்டி, இது கால்ல போட்டதா, அலமாரியில வெச்சதா?"

லிம் பேசியது மலாய். அக்கா பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் பொங்கினாள்.

"போட்டேன்லா! செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் கோயிலுக்கு இதான் போட்டுட்டுப் போறேன்."

"கோயில்ல எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"ஷூவோடயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"கோயிலுக்குள்ள எப்படிப்பா ஷூ போடுறது? வாசல்ல கழட்டி வெச்சுட்டுத்தான் போவேன்."

"சரி, வீட்டுல?"

"வீட்டுல யாரு ஷூ போடுவா? வந்ததும் துடைச்சு டப்பாவுல வெச்சுடுவேன். புதுசு பாரு... அழுக்காயிடும்."

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். வீட்டு கேட்டிலிருந்து கார் வரைக்கும். காரிலிருந்து கோயில் வாசல் வரைக்கும். இருபத்தொரு நாள் மழையைக்கூட எழுதினேனே... ஷூ காலில் இருந்த நேரத்தை எழுதினேனா? அந்தக் கட்டமே என் நோட்டில் இல்லை. ஒத்திகை பார்த்த மலாயை நோட்டோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

சிரிக்காதீர்கள். நல்ல பொருள் வாங்கினால் நாம் அதை உபயோகிப்பதில்லை, பாதுகாக்கிறோம். புதுக் கார் சீட்டின் பிளாஸ்டிக் உறையை வருடக்கணக்கில் கிழிக்காதவர்கள்தானே நாம்? போகட்டும். அன்று எனக்கு உறைத்தது வேறு. எங்கள் வீடுகளில் கால் அதிகம் உழைப்பது உள்ளே. காலணி இருப்பதோ வாசலில்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அடுப்புகிட்ட நிப்பீங்க?" என்று லிம் கேட்டார்.

"ஏழு மணி நேரம் இருக்கும்."

"வெறும் கால்ல, டைல்ஸ் மேல..." என்று தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு ஜோடி செருப்போடு வந்தார். பின்பக்கம் வார், உள்ளே இன்சோலைப் பொருத்தப் பள்ளம். "வீட்டுக்குள்ள மட்டும் போடுங்க. வெளியே போகவே வேணாம்."

அக்காவின் முகம் மாறியது.

"அடுப்படியில செருப்பா? அங்கதான் சாமி இருக்கு!"

உண்மைதான். எங்கள் வீட்டில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில்தான் சாமிப் பலகை. அடுப்பு பற்றவைக்கும் முன்னால் அக்கா அங்கே விளக்கேற்றுவாள்.

"எங்கம்மா வீட்டுலயும் சாமி இருக்கு ஆன்ட்டி, ஹால்ல" என்றார் லிம். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. நான் செருப்பை வாங்கிக்கொண்டேன் – அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

குலாய் வந்து சேர்ந்ததும் அக்கா நேரே உள்ளே போனாள். செருப்புப் பையை அடுப்படி நிலைப்படிக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டாள். "விடுடி. மாசக் கடைசிதான். சொன்னது சொன்னதுதான்."

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் போன் அடித்தது. சிவா. பதினாறு பேரில் ஒருவன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்டான்: "அக்கா, திங்கக்கிழமை என்ன குழம்பு? போன வாரம் மாதிரி சாம்பார்னா நான் ஸ்ட்ரைக்!"

"வாயப் பாரு! மீன் குழம்புதான். உனக்குன்னு முள்ளு பொறுக்கி வைக்கணும், சின்னப் புள்ள மாதிரி" என்றாள் அக்கா. சொல்லும்போது சிரிப்பு. போனை வைத்தபிறகு அது இல்லை.

அடுப்படி நடுவில் போய் நின்றாள். அடுப்பைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய், அடுப்ப ஹாலுக்கு நகர்த்த முடியாது... சாமிய நகர்த்தலாம்ல?"

"நகர்த்தலாம்க்கா."

"அப்ப காலண்டரப் பாரு. நாளைக்குக் காலையில நல்ல நேரம் எப்போ?"

பார்த்தேன். காலை எட்டு மணிக்கு முன்னால் இருந்தது. ஹாலில் தொலைக்காட்சியிலிருந்து தள்ளி, கிழக்கு பார்த்த சுவரில் பலகை அடித்து முடிக்க இரவு எட்டாகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. முதல் வேலையாக இருவரும் குளித்தோம். விளக்கை நான் ஏந்திக்கொண்டேன். அக்கா முருகன் படத்தை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக ஹாலுக்கு நடந்தாள். பலகையில் வைத்து, பூப்போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"கோவிச்சுக்காதப்பா. உனக்கு மயில் இருக்கு... எனக்கு அந்தச் செருப்புதான்."