கூரை போடாத மண்டபம்

அருந்ததிக்குக் கட்டட வரைபடம் வரையும் வேலை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஆர்க்கிடெக்ட் வாசுவின் அலுவலகத்தில் இளவயதிலேயே சேர்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு டத்தோ கிராமாட் சாலை வீட்டில் அவள் மட்டும்தான்.

1987இல் அலுவலகத்துக்கு ஒரு புத்தர் கோயில் வேலை வந்தது. கடைவீடுகளுக்கு நடுவே ஒடுக்கமான நிலம். வளைந்த கூரை, டிராகன் எதுவும் வேண்டாம் என்று கமிட்டியிலிருந்த சீனர்கள் சொல்லிவிட்டார்கள். கீழே கார் நிறுத்தம், அதன்மேல் வகுப்பறைகள், உச்சியில் தியான மண்டபம். எல்லாம் பூச்சில்லாத கான்கிரீட். அருந்ததிக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

ஈப்போவிலிருந்து அண்ணன் ஆனந்தராஜா போன் செய்தார்.

"யாழ்ப்பாணத்துல நம்ம ஆளுங்க சாகுறாங்க. நீ புத்தருக்குக் கோயில் வரையிறியா?"

"இங்க உள்ள சீனங்க கட்டுறாங்கண்ணே. அவங்க என்ன பண்ணாங்க?"

அவர் போனை வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அவள் போட்டாலும் எடுப்பதில்லை.

ஒருநாள் அளவு சரிபார்க்கக் கட்டுமான இடத்துக்குப் போனாள். உச்சி மாடியில் சுவர்கள் எழும்பியிருந்தன. கூரை இன்னும் போடவில்லை. சாலை இரைச்சல் அடங்கி, மேலே வானம் மட்டும் இருந்தது. பலகை ஒன்றில் உட்கார்ந்தாள். அம்மா இறந்தபோதுகூட வராத அழுகை அங்கே வந்தது. மழை தூறியும் எழ மனமில்லை.

திரும்பி வந்து வாசுவிடம் கேட்டாள். "மண்டபத்து நடுவுல கொஞ்சம் திறந்து விடலாமா சார்?"

"மழை உள்ள வரும்லா. அவங்களுக்கு ஏர்கான் வேணுமாம்."

கூரை போட்டுவிட்டார்கள்.

கோயில் திறந்து, கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் தனியாகப் போனாள். மண்டபம் குளுகுளுவென்று, அழகாகத்தான் இருந்தது. அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் பினாங்கிலேயே பிறந்த சிங்களப் பெண், சோமாவதி. பக்கத்தில் வந்து தமிழிலேயே கேட்டாள்.

"என்னக்கா, மேல ஒழுகுதா?"

"இல்ல. கூரை போடுறதுக்கு முந்தி ஒருநாள் வந்தேன். இங்கதான் உக்காந்து அழுதேன்."

சோமாவதி துணியைக் கீழே வைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தாள். எழுந்து துணியை எடுத்தபோது, "ஞாயித்துக்கிழமை பூ அடுக்க ஆள் பத்தல. வாங்கக்கா," என்றாள்.

அருந்ததி போன அன்று சோமாவதிக்குக் காய்ச்சலாம், வரவில்லை. ஹொக்கியன் சீனம் பேசும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவர்கள் சிரித்தபோது தானும் சிரித்து, பூக்களைத் தட்டில் அடுக்கினாள். கிளம்பும்போது ஒருத்தி ஓர் ஆரஞ்சைக் கையில் திணித்தாள். பஸ்ஸிலேயே அதை உரித்துத் தின்றாள்.

பிறகு ஞாயிறு தவறாமல் போனாள். சோமாவதியும் வந்தாள். மற்ற நாள்களில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அருந்ததி பேசுவதற்கு யாருமில்லை.