பற்றிக் என்றொரு குடும்பம்

செரீனா மாக்கஸுக்கு அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த நாட்டின் கவுண்டி எனும் மாவட்டம் ஒன்றில், நூற்றெழுபது வருடங்களுக்கு முன்னர், ஒரு பிரபுவின் எஸ்டேட்டில் யார் யார் குடியிருந்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாரைக் குடியெழுப்பிக் கப்பலேற்றினார்கள் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். மன்னாரில் பிறந்தவள், மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்துகொண்டு, பஸ் மாறி மாறி மிசிசாகாவுக்குப் போய்ச் செய்த வேலை அது. அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகம் பழைய ஏடுகளைப் படமெடுத்து அனுப்பும். இவள் அவற்றைப் பார்த்து, ஆளுக்கு ஒரு வரியாகக் கணினியில் பதிய வேண்டும்.

வேலையில் கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டித்தனத்தைப் பார்த்து யாரும் இந்த நாட்டில் இருக்க விடுவதில்லை. அண்ணன் கிளிபோட்டை ஆயுதக்காரர் வீடு புகுந்து பிடித்துக்கொண்டுபோனதைச் சொல்லித்தான் அவள் அகதி அந்தஸ்துக் கேட்டாள். விசாரணை அதிகாரி தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "உங்கள் குடும்பப் பெயர் மாக்கஸ். அவருடையது பேனாட். எப்படிச் சகோதரர்கள்?" மாக்கஸ் செத்துப்போன புருஷனின் பெயர், பேனாட் அப்பாவின் பெயர் என்று அழுதழுது சொன்னாள். அதிகாரிக்கு அது ஏறவில்லை. வழக்குத் தோற்றது. திருப்பி அனுப்பும் நாளும் நெருங்கியது.

மிச்சமிருந்தது ஒரேயொரு கருணை மனு. சட்டத்தரணியின் கந்தோரில் வேலை செய்த வாகீசன் ஒளிக்காமல் சொன்னான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள உங்கட வேலையிடத்துக் கடிதம் வரவேணும். வராட்டி ஒண்டும் செய்யேலாது. நீங்கள் இஞ்ச வேரூண்டீட்டியள் எண்டு காட்ட எங்களிட்ட வேற என்ன கிடக்கு?"

திங்கட்கிழமை அதைக் கேட்கவென்று மேலாளர் ஹெதரின் மேசைக்குப் போனாள். ஹெதர் முந்திக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டினார். அயர்லாந்துக் காப்பகத்திலிருந்து வந்த கடிதம்: எங்கள் எஸ்டேட்டில் பற்றிக் என்றொரு குடும்பம் இருந்ததேயில்லை. நீங்கள் நானூறு பேரை உண்டாக்கியிருக்கிறீர்கள்.

ஏட்டில் வீட்டுத் தலைவனுக்கு மட்டும்தான் முழுப்பெயர். பற்றிக் கெல்லி. அதற்குக் கீழே மனைவி பிரிஜிற், மகன் மைக்கல், மகள் நோரா. அவர்களுக்குக் குடும்பப் பெயர் எழுதியிருக்காது. அதைப் பதிபவர் நிரப்ப வேண்டும். செரீனா யோசிக்கவே இல்லை. மனைவிக்குப் புருஷனின் பெயர், பிள்ளைக்குத் தகப்பனின் பெயர். பிரிஜிற் பற்றிக், மைக்கல் பற்றிக், நோரா பற்றிக். யோனின் பெண்சாதி பிள்ளைகளெல்லாம் யோன். எங்கள் ஆட்களில் எவளைக் கேட்டாலும் அப்படித்தான் நிரப்பியிருப்பாள். நாலாயிரத்து இருநூறு பேர், தகப்பன் ஒரு பக்கமும் தாய் பிள்ளைகள் இன்னொரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தார்கள்.

எனக்கு அந்த அதிகாரி செய்ததை நானும் இந்தச் சனத்துக்குச் செய்துவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம். இனிக் கடிதம் எங்கே வரப்போகிறது?

ஆனாலும் கேட்டாள். வெட்கத்தை விட்டு, ஹெதரின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்றாள். ஹெதர் கல்நெஞ்சுக்காரியில்லை. கவனமாகக் கேட்டார்.

"அப்படியென்றால் மாக்கஸ் உன் பெயரே இல்லையா?"

"புருஷனின் பெயர்."

"உன் அப்பாவின் பெயர்?"

"பேனாட்."

ஹெதர் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டில் குறித்துக்கொண்டார். வெள்ளி மத்தியானத்துக்குள் அத்தனை வரிகளையும் திருத்தினால் கடிதம் தருவேன் என்றார்.

செரீனா மாடாய் உழைத்தாள். மேசையிலேயே பாண் துண்டைக் கடித்தாள். பிரிஜிற்றைக் கெல்லியிடம் சேர்த்தாள், நோராவைத் தகப்பனிடம் சேர்த்தாள். ஒவ்வொரு வீடாகக் கூட்டிச் சேர்க்கச் சேர்க்க, மாதாவே என்னையும் சேர்த்துவிடு என்று முணுமுணுத்தாள். வெள்ளி பதினொன்றே முக்காலுக்குக் கடைசி வரி முடிந்தது.

மூன்று மணிக்கு ஹெதர் கடிதத்தை நேரே வாகீசனுக்கு அனுப்பிவிட்டு, அவளைக் கட்டியணைத்து வாழ்த்திவிட்டு, குடும்பத்தோடு ஏரிக்கரை விடுமுறைக் கொட்டேஜுக்குப் புறப்பட்டார். அங்கே போன் எடுபடாது.

நாலேகாலுக்கு வாகீசனின் அழைப்பு வந்தது.

"அக்கா, கடிதம் வடிவாத்தான் எழுதியிருக்கினம். ஆனா உது ஆர், செரீனா பேனாட்?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அக்கா?"

"அது நான்தான், தம்பி."

"எனக்குத் தெரியும் அக்கா. உங்கட பாஸ்போட்டில, கேஸ் பேப்பரில எல்லாத்திலயும் மாக்கஸ் எண்டெல்லோ கிடக்கு. முதலே பேரிலதானே விழுத்தினவங்கள். உடன அந்த மனுசிக்குப் போன் அடிச்சு மாத்தித் தரச் சொல்லுங்கோ."

அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஹெதரின் பதிவு செய்த குரல், தகவலைச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னது.

அந்த வாரம் முழுவதும் அவள் நாலாயிரத்து இருநூறு பேரின் பெயரைத் திருத்தியிருந்தாள். ஹெதர் பாவம், மனம் நிறைந்து, அவளுடையதை மட்டும் திருத்தியிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தெட்டு.