எனக்கு முன்னால் உறைந்தவை

சென்ற ஆண்டு, வயலில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நாட்களில், திண்டிவனத்து ஸ்கேன் சென்டரில்தான் அந்த நிழலைக் கண்டுபிடித்தார்கள். என் சிறுநீரகத்தின் ஓரத்தில் ஒரு கட்டி. பிறவியிலேயே எனக்குச் சிறுநீரகம் ஒன்றுதான். எடுத்தால் டயாலிசிஸ், விட்டால் புற்று.

விழுப்புரத்துக்கு வாரம் ஒருமுறை வரும் சென்னை டாக்டரிடம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கையை எடுத்தால் அது வளர்ந்துவிடும் என்பதுபோல.

"வெட்ட வேணாம்மா. ஊசி வழியா கட்டியை மட்டும் உறைய வெச்சிடலாம். மீதி கிட்னி பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர்.

செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. கேப்ஸ்யூல் வாங்கினால்கூட, அதன் உறை மாட்டு எலும்பில் செய்ததா என்று மருந்துக் கடையில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "இத முதல்ல யாருக்கு சார் பண்ணிப் பாத்தாங்க?"

அவர் மறைக்கவில்லை. "பன்றிகளுக்கும்மா. எவ்வளவு குளிர் வேணும், எதுவரைக்கும் உறையணும், எல்லாம் அதுங்க கிட்னியிலதான் கத்துக்கிட்டாங்க."

"அப்புறம் அதுங்க?"

பேனாவை மூடினார். "கிட்னியை வெளிய எடுத்துப் பாத்தாத்தானேம்மா தெரியும்."

சாகப் பயந்துகொண்டு போனவள், பிழைக்கவும் பயந்துகொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர், "நீ பன்னிக்காக யோசிச்சிக்கினு இரு. எனக்குக் கேப்பைக் கூழுகூட காய்ச்சத் தெரியாது, ஞாபகம் வெச்சுக்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. அந்த முகத்துக்காகத்தான் சம்மதித்தேன்.

சென்னையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகு மரத்தது. எங்கோ உறைய வைக்கும் வாயு சீறியது. "குடல் கிட்டக்க இருக்கு, பாத்து" என்று யாரோ மெல்லச் சொன்னது என் காதிலும் விழுந்தது. உடம்பெல்லாம் உதறல், அசையவோ கூடாது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பனி ஒரு பூவைப்போல விரிந்துகொண்டிருந்தது. எனக்காவது சொல்லிவிட்டுப் படுக்க வைத்தார்கள். அந்தப் பன்றிகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வருடத்துக்கு ஒருநாள், தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னிக்கச் சொல்லி சமணர்கள் நாங்கள் ஒருவரையொருவர் கும்பிடுவோம். எதிரில் இருப்பவரும் திருப்பிக் கும்பிடுவார். அன்று என் கைகள் தலைக்கு மேலே நீட்டிக் கிடந்தன. விரல் நுனிகளை மட்டும் சேர்த்து வைத்தேன். எதிரில் யாரும் இல்லை.

கட்டி செத்துவிட்டது என்கிறார்கள். ஆனாலும் ஸ்கேனுக்காகத் திண்டிவனம் பஸ் ஏறும்போதெல்லாம் பயமும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மருந்துக் கடையில் இன்றும் அதே கேள்வியைக் கேட்கிறேன். குரல்தான் முன்னைப்போல் எழுவதில்லை, அதற்கான பதில் ஒன்று என் விலாவுக்குள்ளேயே இருக்கிறதே.