கையை நீட்டி லாரியை நிறுத்தியவர்

கல்லூரி சேவை முகாமுக்காகச் சென்னையிலிருந்து அரியலூர் போயிருந்தோம். ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும் ஊர் சுற்றிப் பார்க்க நானும் தோழி ஒருத்தியும் கிளம்பினோம். சிமெண்ட் லாரிகள் விடாமல் வந்த சாலையில், கால் மணி நேரமாகியும் எங்களால் எதிர்ப்பக்கம் போக முடியவில்லை. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளும் காத்து நின்றார்கள்.

ஓரமாக இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அக்கா அரிவாளை வைத்துவிட்டு வந்தார். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கையை நீட்டிக்கொண்டு நேராகச் சாலையில் இறங்கினார். லாரி பக்கம் திரும்பவேயில்லை; பிள்ளைகளையே பார்த்தபடி நின்றார். முதல் லாரி அவரை நெருங்கிக் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவையும் வரிசையாக நின்றுவிட்டன.

"வாங்கப்பா, ஓடாம நடந்து வாங்க" என்றார். பிள்ளைகளோடு நாங்களும் கடந்தோம்.

"பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? தெனமும் காலு நடுங்குது. லாரியப் பாத்தா ஓடிருவேன். புள்ளைங்களப் பாத்தா ஓட முடியாதுல்ல."

கால் நடுங்க நடுங்க ஒருவர் அப்படி அசையாமல் நின்றதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.