எழுநூற்று முப்பது நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பதியில், ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறையில் கார்டு குத்தும் வேலை பார்த்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் தாளில் எழுதித் தரும் எண்களை இயந்திரத்தில் அடித்தால், அவை அட்டையில் துளைகளாக விழும். கம்ப்யூட்டர் அந்தத் துளைகளைத்தான் படிக்கும். தினமும் சித்தூரிலிருந்து காலை பஸ். புத்தலப்பட்டு தாண்டிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும்.

என்னிடம் வந்த கார்டுக் கட்டுகளில் பெரியது நகரியிலிருந்து வந்த பெண் ஒருத்தியுடையது. விசைத்தறி ஓட்டும் குடும்பம். கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவள். வேக அணு உலைகளைப் பற்றி ஆராய்ச்சி. வாரம் ஒருமுறைதான் அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கும்.

ஒரு மதியம் சாப்பிடும்போது, அப்படி என்னதான் கணக்குப் போடுகிறாய் என்று கேட்டேன்.

"உலையில எரிபொருள் எரியும்போதே புதுசா புளூட்டோனியம் உண்டாவுதுக்கா. எரிஞ்சதைவிட அதிகமாவே கிடைக்கும். ஆனா எடுத்த உடனே திரும்பிப் போட முடியாது. சூடு தணியணும், பிரிச்செடுக்கணும், மறுபடி கம்பியா செய்யணும். அதுவரைக்கும் சும்மா கிடக்குது. இப்பிடியே சுத்திக்கினு இருந்தா, இன்னொரு உலைக்கு வேண்டியது சேர எத்தினி வருசம் ஆவும்? அதான் கணக்கு."

எனக்கு முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவளுடைய கார்டுகளைக் கொஞ்சம் மரியாதையோடு தொட்டேன்.

சில மாதங்களில் விடை வந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த வருடங்கள். அவளுடைய பேராசிரியர் "சால பாகுந்தம்மா" என்று தெலுங்கில் மனம் திறந்து பாராட்டினார். சென்னையில் நடக்கவிருந்த கருத்தரங்கில் அதைப் படிக்க ஏற்பாடும் செய்துவிட்டார். அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"இவ்ளோ சீக்கிரம் ஆவாதுக்கா. எங்கியோ இடிக்குது."

இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு சுற்றைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் கார்டுக் கட்டை வாங்கி, ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கார்டில் கை நின்றது. எரிபொருள் உலைக்கு வெளியே இருக்கும் காலம் எழுநூற்று முப்பது நாள். நான் அதை ஒரு கட்டம் வலப்புறம் தள்ளிக் குத்தியிருந்தேன். கடைசிப் பூஜ்யம் அந்த எண்ணுக்குரிய இடத்தைத் தாண்டி விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதை எழுபத்து மூன்று என்று படித்திருக்கிறது.

அந்தக் கார்டை நான் வாங்கிப் பார்த்தேன்.

"நான் குத்தினதும்மா இது."

"படிச்சிப் பாக்க வேண்டியவ நான்தானேக்கா" என்றாள்.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், அந்த ரிசல்ட் தப்பு. கார்டை நான் சரிபாக்கல."

குத்தியது நான் என்று நானும் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டர் கிடைப்பதற்குள் கருத்தரங்கு முடிந்துவிடும். இப்போதைக்கு இதையே உத்தேசக் கணக்கு என்று படித்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றார்.

"தப்புன்னு தெரிஞ்ச நம்பரை எப்பிடி சார் நின்னு படிக்கிறது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இருந்த மூன்று நாளில் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே போட்டு, மொத்த வருடங்களை அதிலிருந்து மதிப்பிட்டு, அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனாள். திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னாள். இத்தனை வருடங்கள் ஆகும் என்றதில் கூட்டத்துக்குச் சுவாரஸ்யம் இல்லையாம். ஒரு பொறியாளர் மட்டும் எழுந்து, வெளியே கிடக்கும் நாட்கள் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். எழுபத்து மூன்று நாளுக்கு வந்த விடை அவளிடம் இருந்ததே. தவறு நேர்ந்த கதையையும் மறைக்காமல் அதைச் சொல்லியிருக்கிறாள். தாமதம் இந்தக் கணக்கை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதைத் தனியாக எழுதச் சொன்னாராம் அவர். பிறகு அவளுடைய ஆய்வேட்டில் அதுவே ஒரு அத்தியாயமாயிற்று.

சென்னையிலிருந்து திரும்பிய வாரமே புரோகிராமையும் மாற்றினாள். கணக்கைத் தொடங்குமுன், படித்த எண்களையெல்லாம் கம்ப்யூட்டர் முதல் பக்கத்தில் அச்சடித்துத் தரும். அவள் எழுதிக் கொடுத்த தாளை நான் உரக்கப் படிப்பேன். அவள் அச்சுப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்ப்பாள். மற்ற மாணவர்களும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.