லிண்டன்ராட் மாவட்டத்தின் எல்லை

இப்போது குடியிருக்கும் லாசாலில் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சிசிலிக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் பெட்டி கட்டியவளுக்கு அறுபது வயதில் குழந்தைகளோடு வேலை என்றால் விடுவாளா? படிவத்தில் ஒரு கேள்விதான் மிச்சம். எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா?

"இல்லை எண்டு போடுறன் அம்மா," என்றாள் மகள் ஜென்சி.

"ஓம் எண்டு போடு. ஜெர்மனியிலை தண்டம் கட்டினனான். லிண்டன்ராட் மாவட்டத்திலை."

ஜென்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே போனில் தேடினாள். "அந்த மாவட்டம் தொண்ணூத்திநாலிலையே இல்லாமப் போட்டுது. இனி ஆரம்மா பாக்கப்போகினம்?"

சிசிலிக்குத் தெரியாததா? அகதி விண்ணப்பக்காரர் அனுமதிச் சீட்டில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். சீட்டுக்காக அவள் காத்துக் கிடந்த அலுவலகச் சுவரில் பழைய வரைபடங்கள் தொங்கின. 1816இல் பிரஷ்ய அரசன் காலத்தில் கீறிய மாவட்டம். 1952இல் கிழக்கு ஜெர்மன் அரசு அதை இரண்டாக வெட்டியது. சிசிலி பிடிபட்டு எட்டாம் மாதம் இரண்டையும் திரும்ப ஒட்டி வேறு பெயர் வைத்தார்கள். அவர்கள் கோட்டைக் கீறி அழித்து விளையாடினால் வரலாறாம், அவள் தாண்டினால் மட்டும் குற்றமாம்! இப்போது நினைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் தாண்டினனீங்கள்?"

"நீ ஏழாம் மாசத்திலை பிறந்தனி. எல்லைக்கு அங்காலை இருந்த பெரியாஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோட்டினம். எனக்குக் கிழமைக்கு ஒரு சீட்டு. உனக்குக் கிழமைக்கு ஒருக்காவோ பசிக்கும்?"

பாலைப் போத்தலில் எடுத்து, குளிரில் உறையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். மாவட்டப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையடியில் பொலிஸ் மறித்தது. ஜென்சி 'ஓம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, கீழே காரணத்தையும் எழுதினாள்.

மறுநாள் கார்டரிக்கு இருவரும் போனார்கள். நிர்வாகி படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"செய்ததற்கு வருந்துகிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

வேலை போனால் போகட்டும் என்று சிசிலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த நாளும் போனனான். அதுக்கடுத்த நாளும் போனனான். அப்ப ஒருத்தரும் பிடிக்கேல்லை. அதையும் எழுதச் சொல்லு," என்றாள் மகளிடம்.

ஜென்சி ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். நிர்வாகி அதையும் எழுதினாள். பிறகு பேனாவை மூடினாள்.

"கைக்குழந்தைகளின் அறைக்குத்தான் ஆள் வேண்டும். திங்கட்கிழமை வருவீர்களா?"