இருதரப்பும் மனமொத்து

ஹாக்கி பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இவனைத் தெரியாது. மீதிப் பேருக்கு முகம் தெரியும், பெயர் சட்டென்று வாயில் வராது. அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இவன் பார்த்த வேலை அப்படி.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்துவிட்டால், இந்தப் பக்கம் கோல்கீப்பரும் இன்னும் நான்கு பேரும் மட்டும்தான் கோல் கோட்டில் நிற்கலாம். எதிரே ஒருவன் பந்தை மட்டையில் அள்ளி, உடம்பை வளைத்து, கவண் கல்லைப் போல வீசுவான். அந்த நான்கு பேரில் ஒருவன், பந்து ஆட்டத்துக்கு வந்த கணமே புறப்பட்டு, வீசுகிறவனுக்கு நேராக ஓட வேண்டும். தடுக்க மட்டை மட்டும் போதாது. வயிறோ தொடையோ முழங்காலோ, எது முன்னால் இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். புத்தியுள்ள எவனும் பறந்து வரும் பந்தைப் பார்த்தால் விலகி ஓடுவான். இவன் அதை நோக்கி ஓடுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டான். அணியில் எல்லோரும் அவனைத் தோட்டா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவனும் ஒரு காலத்தில் கோல் போட ஆசைப்பட்டவன்தான். காலில் வேகம் இருந்தது, கையில் நளினம் வரவில்லை. ஒருநாள் ஓடுகிறவன் காய்ச்சலில் படுத்துவிட, நீ போய் நில்லுடா என்று இவனை நிறுத்தினார்கள். போனான், அடி வாங்கினான், பந்து கோலுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அதுவே அவன் இடமாகிப் போனது. மறுநாள் செய்தித்தாளில் கோல்கீப்பர் படம் வரும். இவன் தொடையில் பந்தின் குழிகள்கூடத் தெரிகிற மாதிரி ஒரு வட்டம் சிவந்திருக்கும்.

அந்த வட்டத்தால்தான் கல்யாணமும் நடந்தது. வலித் தைலம் வாங்க ஒரு மருந்துக் கடைக்குப் போவான். கடையில் இருந்த பெண், "தினம் யாருகிட்டங்க அடி வாங்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். பிறகு வலி இல்லாத நாளிலும் போனான். அவள் இன்னும் அந்தக் கடையில்தான் வேலை பார்க்கிறாள். வாய் கொஞ்சம் நீளம் என்று இவன் வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கோல்கீப்பரின் பட்டப்பெயர் பூட்டு. தோட்டாவும் பூட்டும் ஒரே வருஷம் அணிக்கு வந்தவர்கள், ஒரே அறையில் தங்கியவர்கள். இரண்டு பேருக்கும் ஓர் உடன்பாடு உண்டு. கோலின் இடது பக்கம் தோட்டாவின் பொறுப்பு. பூட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வலப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பான், இடது பக்கம் வரும் பந்துக்கு முன்னால் தோட்டாவின் உடம்பு இருந்தே தீரும் என்பது அவன் நம்பிக்கை. மற்ற அணிகளின் கோல்கீப்பர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அத்தனை வருஷமும் அது பலித்தது. தப்பித் தவறி இடது பக்கம் பந்து நுழைந்து, கோலின் பின்பலகை 'டமார்' என்று அதிர்ந்தால், யாரோ தன்னை வைத மாதிரி தோட்டாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். வந்தவர் நேரம் அளக்கிற கருவியோடு வந்தார். முழங்கால் பேட் கட்டினால் ஓட்டத்தில் அரை மூச்சு நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்தார். பயிற்சியில் இனிமேல் யாரும் பேட் கட்டக் கூடாது, வீசுகிறவன் முழு பலத்தோடு வீச வேண்டும், அப்போதுதான் பயம் தெளியும் என்றார். பேட்களை வாங்கித் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் முழங்கால் பத்திரமாக நாற்காலியில் மடங்கியிருந்தது, அவருக்கென்ன!

அடுத்த வாரமே கட்டையன் விழுந்தான். தோட்டாவுக்கு அடுத்தபடியாக ஓடுகிறவன் அவன். பந்து முழங்கால் சில்லில் நேராக அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தோட்டா அப்படியே உட்கார்ந்துவிட்டான். கட்டையன் கால் இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது. பயிற்சியில் சகஜம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இங்கேதான் தோட்டா ஒரு தப்புச் செய்தான். ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டக் கூடாது என்று நினைத்து, பயிற்சியாளர் அறைக்குத் தனியாகப் போனான். கதவையும் சாத்திக்கொண்டான்.

"சார், பேட் இல்லாம பயிற்சியில நான் ஓட மாட்டேன். என் பின்னாடி வர்ற பசங்களையும் ஓட விட மாட்டேன். இத உங்ககிட்ட தனியா சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"பயமா?" என்றார் அவர்.

"ஆமா சார், பயம்தான். கட்டையன் கால நீங்க பாக்கல, நான் பாத்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சிரித்த மாதிரிதான் இருந்தது. மரியாதை பார்த்துக் கதவைச் சாத்தினான், சாட்சி இல்லாமல் போயிற்று. அணியில் ஒருவருக்கும் இந்தப் பேச்சு தெரியாது.

இரண்டு நாளில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, அதன் மேல் ஒரு தாள். பயிற்சியாளர் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார்.

"இருதரப்பும் மனமொத்து ஒப்பந்தத்த முடிச்சுக்கிறோம்," என்றார் மேலாளர். "உங்களுக்கும் கௌரவம், எங்களுக்கும் கௌரவம்."

"எனக்கு மனசு ஒக்கலையே சார்."

"அது சும்மா ஒரு வார்த்தைங்க. எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்."

"சும்மா ஒரு வார்த்தைன்னா மாத்திப் போடுங்க. துரத்திட்டோம்னு போடுங்க. நான் சந்தோஷமா கையெழுத்துப் போடுறேன்."

மேலாளருக்குக் கோபமே வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வராது. கையெழுத்துப் போடாவிட்டால் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற இரண்டு வருஷமும் கேலரியில்தான் உட்கார வேண்டும், வேறு அணிக்கும் விட மாட்டோம் என்பதைத் தேன் தடவிச் சொன்னார். தோட்டாவின் வயதில் இரண்டு வருஷம் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருப்பது ஏது? இன்னொரு நிபந்தனையும் இருந்தது. காரணத்தைப் பற்றி அவன் வெளியே வாய் திறக்கக் கூடாது.

கையெழுத்துப் போட்டான். வேறு வழி வைத்தால்தானே! கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தள்ளப்பட்டவனிடமே 'நானாகத்தான் இறங்கினேன்' என்று எழுதி வாங்குகிறார்கள். அதற்கு மனமொத்தல் என்று பெயராம். திருடனாவது இப்படிக் கையெழுத்துக் கேட்கிறானா?

அன்று சாயங்காலமே அணியின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. குடும்பத்தோடு நேரம் செலவழிக்க விரும்பித் தோட்டா விடைபெறுகிறார், அவரது முடிவை மதிக்கிறோம் என்று போட்டு, அவன் சிரிக்கிற படத்தையும் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் அரையிறுதி. கீழே ஜனங்கள் விட்டு விளாசியிருந்தார்கள். நடு ஆற்றில் விட்டுவிட்டு ஓடுகிறான், பயந்தாங்கொள்ளி, சோற்றுக்குத் துரோகம் செய்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தான்.

மனைவி கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"குடும்பத்தோட நேரமா? எந்தக் குடும்பம் கேட்டுச்சு? நான் கேட்டேனா? என்னை எதுக்குய்யா இதுல இழுக்கிறானுங்க?" கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத் தொட்டியில் விட்டெறிந்தாள். "ஒரு வார்த்தை திருப்பிப் போடுங்க. உண்மையைச் சொல்லுங்க."

"முடியாதும்மா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப ஊர் பேசுறத கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஊர் பேசட்டும்," என்றான் அவன். "பூட்டு கூப்பிடவே இல்ல."

அவனுக்கு உறுத்தியது அது ஒன்றுதான். ஊர் ஆயிரம் சொல்லும், நாளைக்கு மறந்துவிடும். இடது பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் தன்னை நம்பி நின்றவன், விட்டுவிட்டு ஓடினான் என்று நினைத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? மூன்று தடவை அழைத்தான். பூட்டு எடுக்கவில்லை.

சாமான்களை எடுத்துக்கொள்ள வரச்சொல்லித் தகவல் வந்தது. மனைவி கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். உடைமாற்றும் அறை, ஈரத் துண்டும் பழைய வியர்வையும் கலந்த அதே வாடையோடு இருந்தது. கொக்கியில், கார்னருக்கு ஓடும்போது அவன் மாட்டுகிற முகமூடி தொங்கியது. கன்னத்துப் பக்கம் விரிசல் விட்டது, ஒரு காலத்தில் அவன் பல்லைக் காப்பாற்றியது. அதைப் பையில் போட்டான். அவன் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் ஏற்கெனவே பசைத் தடம்தான் இருந்தது. உரித்துவிட்டார்கள்! கால் வெளியே வைக்கும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை.

பூட்டு பெஞ்சில் உட்கார்ந்து கால் கவசத்தின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்கள்.

தோட்டா அருகே போய் நின்றான். என்ன பேசுவது என்று தெரியாமல், தெரிந்ததைப் பேசினான்.

"என் இடத்துல இப்ப நிக்கிறவன் வலது காலை முதல்ல வைப்பான்டா. ஓட்டம் ஒரு எட்டு உள்ளே இழுக்கும். இடது கம்பத்துக்கிட்ட சந்து விழும், பாத்துக்கோ."

"போறவனுக்கு எதுக்கு அந்தக் கவலை?" பூட்டு வாரை ஒரு இழு இழுத்தான். "அரையிறுதிக்கு முன்னாடி போகணும்னு தோணுச்சு பாரு. எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? செய்தியப் பாத்துத்தான் எனக்கே தெரியுது."

மட்டையால் அடித்திருந்தால்கூடத் தோட்டா பொறுத்திருப்பான்.

"அண்ணே!" கதவருகே பெட்டியோடு நின்ற மனைவி அதைத் தரையில் பொத்தென்று வைத்தாள். "அவரு போகல. தள்ளி விட்டாங்க."

"பேசாம இரு," என்றான் தோட்டா.

"ஏன் இருக்கணும்? வாயைத் திறக்க மாட்டேன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. நான் எதுலயும் போடலையே!" அவள் பூட்டைப் பார்த்துத் திரும்பினாள். "பேட் இல்லாம பசங்கள ஓட விட மாட்டேன்னு உங்க கோச்சுகிட்ட போய்ச் சொன்னாருண்ணே. நாலு பேர் முன்னாடி சொன்னா அந்தாளுக்கு அவமானம்னு தனியா போய்ச் சொன்னாரு. அதுக்குத்தான் இது. குடும்பமாம், நேரமாம்! என் பேரைச் சொல்லி என் புருஷனை ஓடுகாலியாக்கிட்டாங்க. வாயில்லாத ஆளு கிடைச்சா என்ன வேணா எழுதிக்குவாங்களா?"

பூட்டு இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"கட்டையன் விழுந்ததுக்கா?"

தோட்டா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. தலைகுனிந்து முகமூடியின் விரிசலைத் தடவினான். பூட்டுக்கு அது போதுமாக இருந்தது.

"சரி, நீ கிளம்புடா," என்றான் பூட்டு. குரல் மாறியிருந்தது. "தங்கச்சி, வண்டிக்குப் போங்க."

வண்டி நிறுத்துமிடம் கோலுக்கு நேர் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம். தட்டி மறைத்திருந்ததால் மைதானம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். தோட்டா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி சாவியைப் போட்டபோது உள்ளே விசில் ஊதியது. பெனால்டி கார்னர் பயிற்சி என்று அவனுக்குத் தெரிந்தது. சாவியைப் பிடித்திருந்த அவள் கையைத் தொட்டு நிறுத்தினான்.

ஓடுகிறவன் உடம்பில் பட்டால் 'தப்' என்று கேட்கும். கோல்கீப்பரின் கவசத்தில் பட்டால் 'பொத்' என்று கேட்கும். இப்போது கேட்டது பலகை.

டமார்.

"கோலா?" என்று அவள் கேட்டாள்.

மறுபடி விசில். மறுபடி டமார். மூன்றாவது விசில் நீளமாகக் கேட்டது. அதற்குப் பின்னால் பயிற்சியாளரின் கத்தல். "ஓடுங்கடா! காது கேக்கலையா? ஓடு!" காலடிச் சத்தம் ஒன்றுகூட எழவில்லை. பலகை வலது பக்கம் அதிர்ந்தது, இடது பக்கம் அதிர்ந்தது. இத்தனை வருஷமாக அவனை வைதுகொண்டிருந்த சத்தம்தான் அது.

"யாரும் ஓடலம்மா," என்றான் தோட்டா. "பூட்டும் விலகி நிக்கிறான்."

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"இதையும் அந்த மேலாளர எழுதிக்கச் சொல்லுங்க," என்றாள். "மனமொத்து நிக்கிறாங்கன்னு."

உள்ளே மறுபடியும் விசில் ஊதியது. வண்டியைக் கிளப்பு என்று தோட்டா சொல்லவில்லை.